மூளையில் நட்ட நாற்று

1975ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகமது அலி, ஜோ பக்னருடன் 15 சுற்றுகள் மோதி வென்றார். அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் இன்றும் நம் நாட்டில் இருக்கிறார்கள். அலியின் கால் வேகத்தைப் பற்றி ஆரம்பித்தால் அவர்கள் பேச்சு எளிதில் முடியாது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1984இல், அதே மனிதருக்குப் பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் இருப்பதாக மருத்துவர்கள் சொன்னார்கள். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழாவில் தீபம் ஏற்ற அவர் வந்து நின்றபோது, அந்தக் கை நடுங்கியதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது.

நடுக்கம் மட்டும்தான் இந்த நோய் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உடல் விறைக்கும். நடை சுருங்கும். சட்டைப் பொத்தானைப் போட கால் மணி நேரம் ஆகும். முகத்தில் உணர்ச்சி தெரியாது, அதனால் வீட்டில் உள்ளவர்களே "ஏன் இப்படி முறைக்கிறார்?" என்று தவறாக எடுத்துக்கொள்வதுண்டு. பலருக்கு உள்ளே அறிவு தெளிவாக இருக்கும். உடல் மட்டும் சொன்னதைக் கேட்காது. 2019ஆம் ஆண்டுக்கான உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் 85 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்த நோயுடன் வாழ்ந்தார்கள்.

இந்த நோய்க்கு ஒரு விசித்திரமான சிகிச்சை முயற்சி உண்டு. வேறோர் உயிரின் திசுவை எடுத்து, நோயாளியின் மூளைக்குள் நாற்று நடுவதுபோல் நடுவது. கேட்கும்போது கதைபோல் இருக்கும். ஆனால் 40 ஆண்டுகளுக்கும் மேலாக உண்மையாகவே நடந்துவரும் முயற்சி இது. நம்பிக்கை, ஏமாற்றம், அரசியல், சமயம், மண்டையோட்டில் போட்ட வீண் துளைகள் எல்லாம் இதில் உண்டு.

லண்டன் தெருவிலிருந்து சென்னை ஆய்வுக்கூடம் வரை

1817ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் இருந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர், நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர் விவரித்தது ஆறே ஆறு பேரை. அவர்களிலும் சிலரைத் தெருவில் கண்டுதான் குறிப்பெடுத்தார். இத்தனை சிறிய நூல் இத்தனை காலம் நிலைத்தது வியப்புதான். பிற்காலத்தில் பிரெஞ்சு மருத்துவ மேதை ஷார்கோ இந்த நோய்க்கு அவர் பெயரையே வைத்தார்.

நோய் மூளையில் எங்கே இருக்கிறது என்று தெரிய மேலும் நூறு ஆண்டுகள் பிடித்தன. நடுமூளையில் கருமை படிந்த ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள சில லட்சம் உயிரணுக்கள் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரந்து, உடல் அசைவை ஒழுங்குபடுத்தும் வேறொரு பகுதிக்கு அனுப்புகின்றன. இந்த நோயில் அந்த உயிரணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. கை நடுங்கத் தொடங்கும் நாளில் அவற்றில் பெரும்பங்கு ஏற்கனவே போயிருக்கும்.

டோபமினின் பெருமையை வெளியே கொண்டுவந்தவர் சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஆர்விட் கார்ல்சன். 1957இல் அவர் முயல்களுக்கு ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்தார். அவை அசைவற்றுச் சாய்ந்தன. பிறகு லெவோடோபாவைச் செலுத்தினார். சாய்ந்து கிடந்த முயல்கள் எழுந்து நடமாடின! இதற்காக 2000ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் நகர முடியாது. முயல்களைச் சாய்த்த ரெசர்பின், இந்திய மூலிகையான சர்ப்பகந்தியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அவற்றை எழுப்பிய லெவோடோபா, பூனைக்காலி விதையில் ஏராளமாக உண்டு. அதைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் தாமோதரன், ராமசாமி என்ற இருவர். 1937ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அந்த வேலை நடந்தது. ஆயுர்வேதத்தில் கம்பவாதத்துக்குப் பூனைக்காலி சேர்ந்த மருந்துகள் உண்டு. ஆனால் இந்தச் செய்திகளை ஒரே நூலில் கோக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை.

1960இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச், இறந்துபோன நோயாளிகளின் மூளையில் டோபமின் வற்றியிருப்பதைக் காட்டினார். 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், டோபாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, அதிக அளவில் வாய்வழியே கொடுத்துப் பார்த்தார். எழ முடியாமல் கிடந்தவர்கள் எழுந்தார்கள். நோய் தீர்ந்தது என்றே பலர் எண்ணினார்கள்.

தீரவில்லை. சில ஆண்டுகள் போனதும் மருந்து வேலை செய்யும் நேரம் குறைந்தது. விளக்கின் விசையைத் தட்டியதுபோல் திடீரென்று உடல் உறையும். மருந்து ஏறினால் கைகால்கள் தம் விருப்பத்துக்குத் துள்ளி நெளியும். மடிந்துகொண்டே இருக்கும் உயிரணுக்களை மாத்திரை திருப்பித் தரவில்லை. அப்படியானால் உயிரணுக்களையே திருப்பி வைத்தால் என்ன?

வட்டமிடுவதை நிறுத்திய எலிகள்

மூளைத் திசுவை மாற்றி நடும் ஆசை பழையது. 1890இலேயே நியூயார்க்கில் கில்மன் தாம்சன் என்பவர் பூனையின் மூளைத் துண்டை நாயின் மூளையில் வைத்துப் பார்த்தார். அது பிழைக்கவில்லை. வளர்ந்த மூளையின் உயிரணுக்கள் இடம் மாறினால் வாழாது. கருவில் இருக்கும், இன்னும் கிளை விடாத இளம் உயிரணுக்கள்தான் வேர் பிடிக்கும். உழவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முற்றிய பயிரைப் பிடுங்கி நட்டால் பிழைக்குமா? நாற்றுதான் பிழைக்கும்.

சுவீடனில் இரண்டு குழுக்கள் 1970களில் இதைக் கண்டறிந்தன. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் லார்ஸ் ஓல்சன் குழு, லுண்ட் நகரில் ஆண்டர்ஸ் பியோர்க்லுண்ட் குழு. ஒரு பக்க டோபமின் உயிரணுக்களை அழித்துவிட்டு ஊக்க மருந்து கொடுத்தால் எலி ஒரே பக்கமாக வட்டமிட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணலாம். அத்தகைய எலிகளின் மூளையில் எலிக்கருவின் நடுமூளைத் திசுவை நட்டார்கள். சில வாரங்களில் சுற்றுவது குறைந்தது. 1979இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. நட்ட உயிரணு வேர்விட்டு டோபமினும் சுரந்தது.

அடுத்து மனிதன்.

மனிதக் கருவைத் தொட அப்போது தயக்கம் இருந்தது. அதனால் மருத்துவர்கள் குறுக்கு வழி ஒன்றைத் தேடினார்கள். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சுரப்பியின் உட்பகுதியிலும் சிறிதளவு டோபமின் சுரக்கும். நோயாளியின் சொந்தத் திசு என்பதால் உடல் அதை எதிர்க்காது. நெறிச் சிக்கலும் இல்லை. 1982இல் கரோலின்ஸ்காவில் முதல் நோயாளிக்கு அதை மூளைக்குள் வைத்தார்கள். பலன் சொற்பம், அதுவும் நிலைக்கவில்லை. சுவீடன் மருத்துவர்கள் அதை அப்படியே எழுதி வைத்தார்கள்.

மெக்சிகோவில் கிளம்பிய அலை

1987 ஏப்ரலில் புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ ஏடு ஒன்றில் வந்த கட்டுரை உலகை உலுக்கியது. மெக்சிகோ நகரின் அறுவைச் சிகிச்சை மருத்துவர் இக்னாசியோ மத்ராசோ, அதே சுரப்பித் திசுவை இரண்டு இளம் நோயாளிகளின் மூளையில் நட்டதாகவும், இருவரும் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டதாகவும் அதில் சொன்னார். இரண்டே இரண்டு நோயாளிகள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை.

ஆயினும் அலை கிளம்பிவிட்டது. அமெரிக்கா, சீனா, ஐரோப்பா எங்கும் மருத்துவமனைகள் இந்த அறுவையைத் தொடங்கின. ஓரிரு ஆண்டுகளில் நூற்றுக்கணக்கானோர் மேசையில் கிடத்தப்பட்டார்கள். ஒரே நோயாளிக்கு வயிற்றைத் திறக்கும் அறுவை ஒன்று, தலையைத் திறக்கும் அறுவை ஒன்று. ஏற்கனவே தளர்ந்த உடல் இதைத் தாங்குமா? நிமோனியா வந்தவர்கள் உண்டு, மனக்குழப்பம் அடைந்தவர்கள் உண்டு, இறந்தவர்களும் உண்டு. மெக்சிகோவில் சொல்லப்பட்ட அற்புதம் மற்ற இடங்களில் நிகழவில்லை. பிறகு இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோது, நட்ட உயிரணுக்களில் மிகச் சிலவே தப்பியிருந்தன. 1990களின் தொடக்கத்திலேயே இந்த முறை கைவிடப்பட்டது.

மத்ராசோ பொய் சொன்னார் என்று கூற இடமில்லை. நம்பிக்கை, நோயாளியின் உடலில் என்னென்ன செய்யும் என்பதை அன்று யாரும் சரியாக எடைபோடவில்லை. அந்த எடைபோடல் பின்னால் வந்தது.

கருவின் திசுவும் அரசியலும்

எலிகள் காட்டிய வழி கருவின் மூளைத் திசுதான். கருத்தரித்து 6 முதல் 9 வாரத்துக்குள், டோபமின் உயிரணுக்கள் பிறக்கும் அந்தக் குறுகிய காலத்தில் எடுத்த திசுவே பயன்படும். அது கருக்கலைப்பிலிருந்துதான் கிடைக்கும். ஒரு கருவின் திசு போதாது. மூளையின் ஒரு பக்கத்துக்கே பல கருக்கள் தேவைப்பட்டன.

இதைப் படிக்கும்போது மனம் சங்கடப்படாதவர் குறைவு. சங்கடப்படுவதில் தவறும் இல்லை. சுவீடனில் 1980களின் நடுவிலேயே மருத்துவர் சங்கம் வழிமுறைகளை வகுத்தது. கருக்கலைப்பு முடிவு வேறு, திசு தானம் வேறு. ஒன்று மற்றொன்றைத் தூண்டக்கூடாது. பெண்ணின் சம்மதம் வேண்டும் என்பது அவற்றின் சாரம். பிரிட்டனில் 1989இல் இதே நோக்கில் விதிகளை வகுத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜான் போல்கிங்கார்ன். அவர் இயற்பியல் அறிஞர். அதோடு ஆங்கிலிக்கன் பாதிரியாரும்கூட.

இந்தப் பாதுகாப்போடு 1987இன் இறுதியில் லுண்ட் நகரில் உல்லே லிண்ட்வால் குழு முதல் இரண்டு நோயாளிகளுக்குக் கருத்திசுவை நட்டது. முதல் இருவருக்குக் கிடைத்த பலன் குறைவு. ஊசியின் பருமனை மாற்றி, திசுவைப் பக்குவப்படுத்தும் முறையையும் திருத்தினார்கள். 1990இல் வெளியான அடுத்த அறிக்கையில், ஒரு நோயாளியின் மூளையில் நட்ட இடத்தில் டோபமின் உற்பத்தி கூடியிருப்பதைப் பெட் ஸ்கேன் படம் காட்டியது. நோயாளியின் விறைப்பும் குறைந்தது.

அமெரிக்காவில் கதை வேறு. 1988 மார்ச்சில் ரேகன் அரசு, கருத்திசு மாற்று ஆய்வுக்கு மத்திய அரசின் நிதியை நிறுத்தியது. ஆராய்ந்து சொல்ல அமைக்கப்பட்ட நிபுணர் குழுவின் பெரும்பான்மையினர் ஆய்வை அனுமதிக்கலாம் என்றார்கள். ஆனாலும் அடுத்து வந்த புஷ் அரசு தடையை நீட்டித்தது. 1992இல் நாடாளுமன்றம் தடையை நீக்கச் சட்டம் இயற்றியபோது, அதிபர் தம் அதிகாரத்தால் அதை நிராகரித்தார். கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்த்துவந்த செனட்டர் ஸ்ட்ரோம் தர்மண்ட், தம் மகளுக்கு நீரிழிவு நோய் இருந்ததால், இந்த ஆய்வுக்கு ஆதரவாகப் பேசினார் என்பது அந்த விவாதத்தில் பலரும் எதிர்பாராத திருப்பம். நோய் வீட்டுக்குள் வரும்போது கொள்கை வேறு கேள்விகளைச் சந்திக்கிறது.

மறுபக்கத்தில், 1995இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட திருமடல், மனிதக் கருக்களைத் திசு வழங்கும் பொருளாகப் பயன்படுத்துவதை வெளிப்படையாகக் கண்டித்தது. பிற்காலத்தில் அவரையே பார்க்கின்சன் நோய் வாட்டியது. 2005இல் இறக்கும்வரை அவர் தம் நிலைப்பாட்டை மாற்றவில்லை. உடன்படுவோரும் உடன்படாதோரும் அந்த உறுதியை மதித்தார்கள்.

உறைந்துபோன இளைஞர்கள்

இதே காலத்தில் கலிஃபோர்னியாவிலிருந்து எதிர்பாராத ஒரு சான்று வந்தது. 1982இல் அங்கே ஹெராயினுக்குப் பதிலாகக் கள்ளத்தனமாகத் தயாரித்த போதைப்பொருளை ஊசியில் ஏற்றிய இளைஞர்கள் சிலர், சில நாட்களில் சிலைபோல் உறைந்துபோனார்கள். பேச முடியவில்லை, அசைய முடியவில்லை. முதலில் மனநோய் என்றே கருதினார்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர்தான், இது முற்றிய பார்க்கின்சன் நோயின் தோற்றம் என்று கண்டார். தயாரிப்பில் கலந்துவிட்ட எம்பிடிபி என்ற நஞ்சு, டோபமின் உயிரணுக்களைத் தேடிப்பிடித்து அழித்திருந்தது.

அவர்களில் இருவர் பின்னர் லுண்டுக்குச் சென்று கருத்திசு மாற்று செய்துகொண்டார்கள். 1992 நவம்பரில் வந்த அறிக்கையின்படி இருவருமே தெளிவாக முன்னேறியிருந்தார்கள். இவர்கள் ஏன் முக்கியம்? சாதாரண நோயாளியின் மூளையில் நோய் தொடர்ந்து அரித்துக்கொண்டே இருக்கும். இவர்களுக்கோ நஞ்சு ஒரே முறை தாக்கியது. அத்தகைய மூளையில் நட்டது பிடித்தால் பலன் தெளிவாகத் தெரியும். தெரிந்தது.

1993 ஜனவரியில் பதவியேற்ற சில நாட்களிலேயே கிளிண்டன் தடையை நீக்கினார். 1995இல் மற்றொரு சான்று கிடைத்தது. அறுவைக்குப் பிறகு 18 மாதங்கள் வாழ்ந்து வேறு காரணத்தால் இறந்த ஒருவரின் மூளையில், நட்ட டோபமின் உயிரணுக்கள் 2 லட்சத்துக்கும் மேல் உயிரோடு கிளைவிட்டிருந்தன. இனி வெற்றிதான் என்ற எண்ணம் பரவியது.

வெறும் துளை

இந்த இடத்தில்தான் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனம் ஒரு நிபந்தனை வைத்தது. நிதி வேண்டுமானால் முறையான சோதனை வேண்டும். அதாவது ஒரு பகுதியினருக்கு உண்மையான மாற்று. மறு பகுதியினருக்குப் போலி அறுவை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியக்கூடாது, பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியக்கூடாது.

மருந்துக்கு இது வழக்கம்தான். உண்மை மாத்திரை ஒருவருக்கு, சர்க்கரை மாத்திரை இன்னொருவருக்கு. ஆனால் இது மாத்திரை அல்ல. கொலராடோ பல்கலைக்கழகத்தின் கர்ட் ஃப்ரீட் குழு 40 நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தது. அவர்களில் 20 பேருக்கு, விழித்திருக்கும் நிலையிலேயே, நெற்றியில் மரத்துப்போகும் ஊசி போட்டு மண்டையோட்டில் துளையிட்டார்கள். மூளையின் உறையைத் துளைக்காமல், எதையும் நடாமல், தையல் போட்டு அனுப்பினார்கள். துளையிடும் ஓசையை அவர்கள் கேட்டார்கள். தங்களுக்கு எது நடந்தது என்று ஓராண்டு தெரியாமல் காத்திருந்தார்கள். விதிமுறையைத் தெரிந்து சம்மதித்தவர்கள்தான் எல்லோரும்.

நலம் தராத ஒரு துளையை ஒரு மனிதனின் தலையில் போட மருத்துவருக்கு உரிமை உண்டா? 1999இல் ஒரே மருத்துவ ஏட்டின் ஒரே இதழில் இரு தரப்பு வாதங்களும் வந்தன. மருத்துவ நெறி அறிஞர் ரூத் மாக்லின், சக நோயாளிகளின் எதிர்கால நன்மைக்காக இந்த நோயாளியைத் துளைப்பது தவறு என்றார். மறுதரப்பு, சோதிக்காத அறுவையை ஆயிரக்கணக்கானோருக்குச் செய்வதுதான் பெரிய தவறு என்றது.

மறுதரப்புக்கு ஒரு பழைய நிகழ்ச்சி துணை நின்றது. 1950களில் நெஞ்சுவலிக்கு மார்பின் உட்புறத்து இரத்தக் குழாய் ஒன்றைக் கட்டிவிடும் அறுவை பரவலாக நடந்தது. நோயாளிகள் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். 1959இல் வந்த ஆய்வில், சிலருக்கு வெறும் தோலை மட்டும் கீறி மூடினார்கள். அவர்களுக்கும் அதே அளவு வலி குறைந்தது! அந்த அறுவை அதோடு ஒழிந்தது. ஒரு சிலரின் தோலில் போட்ட கீறல், பின்னால் வரவிருந்த எத்தனையோ பேரை வீண் அறுவையிலிருந்து காத்தது. மாக்லினின் வாதத்துக்கு வலிமை உண்டு. ஆனாலும் மெக்சிகோ அலையை நினைத்துப் பார்த்தால், துளையிட்டுச் சோதித்தவர்கள் பக்கமே நியாயம் கூடுதலாக நிற்கிறது.

முடிவு 2001 மார்ச்சில் வெளியானது. நோயாளிகள் தாங்களே கொடுத்த மதிப்பீட்டின்படி, ஓராண்டு முடிவில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 60 வயதுக்குட்பட்டவர்களிடம் மட்டும் மருத்துவப் பரிசோதனையில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் ஸ்கேன் படங்களும், இறந்தவர்களின் மூளையும் நட்ட உயிரணுக்கள் பிழைத்ததைக் காட்டின. நாற்று பிடித்தது, விளைச்சல்தான் வரவில்லை.

அதைவிடக் கவலையூட்டியது வேறு. பின்னர் உண்மையான மாற்றுப் பெற்றவர்களையும் சேர்த்து 33 பேரில் 5 பேருக்கு, மருந்தை நிறுத்திய பிறகும் கைகால் நெளிவதும் துள்ளுவதும் நிற்கவில்லை. மாத்திரையால் வந்த நெளிவை மாத்திரையைக் குறைத்து அடக்கலாம். மூளைக்குள் நட்டதை எப்படிக் குறைப்பது? பிடுங்கி எறிய வழியில்லை. 2003இல் வாரன் ஒலனோ குழு வெளியிட்ட மற்றொரு சோதனையிலும் எதிர்பார்த்த பலன் இல்லை. மாற்றுப் பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இதே நெளிவு.

2004இல் வந்த ஒரு துணை ஆய்வு இன்னும் சிந்திக்க வைத்தது. கொலராடோ சோதனையில் பங்கெடுத்தவர்களிடம், உங்களுக்கு எது நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். உண்மையான திசு கிடைத்தது என்று நம்பியவர்கள், உண்மையில் கிடைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், வாழ்க்கை மேம்பட்டதாகச் சொன்னார்கள். 1987இன் மெக்சிகோ அற்புதத்தை இந்தக் கண்ணோடு திரும்பிப் பார்க்கலாம்.

அதற்குப் பின் பல ஆண்டுகள் யாரும் கருத்திசு அறுவையைத் துணிந்து செய்யவில்லை. மூளைக்குள் மெல்லிய மின்கம்பியை வைத்துத் தூண்டும் முறை 2002இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அங்கீகாரம் பெற்று அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பன்றிக்கருவின் உயிரணு, விழித்திரையின் உயிரணு என்று வேறு வேறு நாற்றுகளும் முயன்று பார்க்கப்பட்டன. நிலைத்த பலன் எதிலும் இல்லை.

18 ஆண்டுகள் கழித்து

இருந்தும் கதை முடியவில்லை. லுண்டில் அறுவை செய்துகொண்ட இருவரை லண்டன் மருத்துவர்கள் நீண்ட காலம் கவனித்து 2014இல் எழுதினார்கள். அறுவை முடிந்து ஒருவருக்கு 18 ஆண்டுகள், மற்றவருக்கு 15 ஆண்டுகள். இருவரும் டோபமின் மருந்து இல்லாமலே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். சிலருக்கு இவ்வளவு நன்றாகவும் சிலருக்கு ஒன்றுமே இல்லாமலும் ஏன் போனது? வயது, நோயின் கட்டம், திசுவின் அளவு, பக்குவம், உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்து கொடுத்த காலம் என்று எல்லாமே இடத்துக்கு இடம் மாறியிருந்தன. நெளிவுக்கும் ஒரு விளக்கம் கிடைத்தது. திசுவோடு சேர்ந்து வந்த, செரட்டோனின் என்ற வேறொரு பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் பங்கு வகிக்கலாம் என்று 2010இல் வெளிவந்த ஆய்வு கூறியது. வயலில் நெல்லோடு களையும் சேர்ந்து நடப்பட்டதுபோல.

2008இல் வந்த செய்தி இனிப்பும் கசப்பும் கலந்தது. பத்தாண்டுகளுக்கும் மேல் நட்ட திசுவோடு வாழ்ந்து இறந்தவர்களின் மூளையில் அந்த உயிரணுக்கள் இன்னும் உயிரோடு இருந்தன. ஆனால் சிலவற்றில் பார்க்கின்சன் நோய்க்கே உரிய லூயி உருண்டைகள் காணப்பட்டன. இளம் கருவிலிருந்து வந்த உயிரணுவுக்கு அந்த முதுமை நோய் எப்படி வந்தது? பழைய மூளையிலிருந்து அண்டை உயிரணுவுக்குப் பரவியிருக்கிறது என்ற கருத்து இதிலிருந்துதான் வலுப்பெற்றது. சிகிச்சைக்காக நட்டது, நோயின் இயல்பைப் பற்றிய புதிய பாடத்தைக் கொடுத்தது.

ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து கேம்பிரிட்ஜின் ரோஜர் பார்க்கர் தலைமையில் கருத்திசு மாற்றை மீண்டும் கவனமாக முயன்றன. 2015இல் முதல் நோயாளிக்கு அறுவை நடந்தது. தேவையான திசு உரிய நாளில் கிடைக்காமல் அறுவைகள் திரும்பத் திரும்பத் தள்ளிப்போயின. கடைசியில் 11 பேருக்கு மட்டுமே மாற்று செய்ய முடிந்தது. கருத்திசுவை நம்பி ஒரு சிகிச்சையை நடத்த முடியாது என்பது அதிலேயே தெளிவாகிவிட்டது.

ஆய்வுக்கூடத்து நாற்றங்கால்

தீர்வு வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1998இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவளர்நிலையின் ஸ்டெம் செல்களை, அதாவது குருத்தணுக்களை, ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் காட்டினார். ஜப்பானின் ஷின்யா யமனாகா இன்னும் ஒரு படி மேலே போனார். 2006இல் எலியின் தோல் உயிரணுவையும், 2007இல் மனிதத் தோல் உயிரணுவையும் பின்னோக்கித் திருப்பிக் குருத்தணுவாக்கினார். 2012இல் அவருக்கு நோபெல் பரிசு. இந்த வழியில் கருவே தேவையில்லை. இரண்டு தலைமுறை விவாதத்தின் முள் பெருமளவு மழுங்கியது.

2018 அக்டோபரில் கியோத்தோ பல்கலைக்கழக மருத்துவமனையில், ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரின் மூளையில் அத்தகைய குருத்தணுவிலிருந்து வளர்த்த 24 லட்சம் உயிரணுக்களை நட்டார்கள். ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் ஜுன் தக்காஹாஷி. மொத்தம் 7 பேருக்கு இந்தச் சிகிச்சை கிடைத்தது. 2025 ஏப்ரலில் வெளிவந்த அறிக்கையின்படி, இரண்டாண்டு கண்காணிப்பில் கடுமையான பக்க விளைவு இல்லை. பலன் மதிப்பிடப்பட்ட 6 பேரில் 4 பேருக்கு, மருந்து இல்லாத வேளையிலும் அசைவு மேம்பட்டிருந்தது. அதே இதழில், நியூயார்க்கின் விவியன் தபார் குழு, மனிதக் கருவளர்நிலைக் குருத்தணுவிலிருந்து வளர்த்த உயிரணுக்களை 12 பேருக்கு நட்ட முடிவும் வந்தது. அதிக அளவு பெற்றவர்களிடம் முன்னேற்றம் கூடுதலாகத் தெரிந்தது. பழைய நெளிவு யாருக்கும் வரவில்லை. லுண்டிலும் 2023 பிப்ரவரியில் குருத்தணு மாற்று தொடங்கியது. 1987இல் கருத்திசு நட்ட அதே நகரம்.

இவை எல்லாம் சிறு எண்ணிக்கைகள். பாதுகாப்பைப் பார்ப்பதற்காக அமைந்த சோதனைகள். போலி அறுவைக் குழு எதிலும் இல்லை. நம்பிக்கை என்ன செய்யும் என்பதை 2001 சொல்லிக்கொடுத்த பிறகு, இந்த முன்னேற்றத்தில் எவ்வளவு உயிரணுவால், எவ்வளவு எதிர்பார்ப்பால் என்று கேட்காமல் இருக்க முடியாது. ஜப்பானில் ஒரு மருந்து நிறுவனம் இந்த 7 பேரின் முடிவை வைத்தே 2025 ஆகஸ்டில் அனுமதிக்கு விண்ணப்பித்தது. வேறு பல நாடுகளில் இத்தனை குறைந்த சான்றை ஏற்க மாட்டார்கள்.

இதற்கிடையில், எந்தச் சோதனையும் இல்லாமல் "ஸ்டெம் செல் சிகிச்சை" என்று விளம்பரம் செய்து பெருந்தொகை வாங்கும் நிலையங்கள் பல நாடுகளில் முளைத்திருக்கின்றன. மேலே சொன்ன ஆய்வுகளில் சேர்ந்த நோயாளிகள் சிகிச்சைக்கெனப் பணம் கட்டியவர்கள் அல்லர். கையில் ஊசிவழி ஏற்றப்படும் குருத்தணு, மூளையின் குறிப்பிட்ட மில்லிமீட்டர் அளவு இடத்துக்குத் தானாகப் போய்ச்சேர்ந்து டோபமின் உயிரணுவாகும் என்பதற்குச் சான்று இல்லை. வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க நினைக்கும் குடும்பங்கள், "இது பதிவு செய்யப்பட்ட ஆய்வா? ஒப்பீட்டுக் குழு உண்டா? எதற்காகப் பணம் கேட்கிறீர்கள்?" என்று மூன்று கேள்விகளை முதலில் கேட்கட்டும்.

நியூயார்க் முடிவுகளின் அடுத்த கட்டமாக, நூறு பேர் அளவிலான பெரிய சோதனை 2025இல் தொடங்கப்பட்டது. அதில் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு உயிரணு நடப்படும். மற்றவர்களுக்கு, முன்போலவே, அறுவைக்கூடத்தில் போலி அறுவை மட்டும். எந்தப் பக்கம் தம் பெயர் விழுந்தது என்று தெரியாமல், அவர்களும் வீட்டுக்குப் போய்ச் சட்டைப் பொத்தானைப் போட எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.